நாற்பத்தாறு பொட்டுகள்

பழைய இசைத்தட்டு கழுவுவதில் இந்தக் கரையில் எனக்கு நிகர் யாரும் இல்லை. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. குற்றம் செய்தவன் முதலில் தன் கைத்திறனைச் சொல்லிவிட வேண்டும், பிறகு தெரியாமல் செய்தேன் என்று தப்பிக்க முடியாது.

என் உண்மையான தொழில் மூக்குக்கண்ணாடி. கல்முனை பஸாரில் சின்னக் கடை, வீடு மருதமுனையில். இரண்டுக்கும் நடுவே பாண்டிருப்பு. காலையும் மாலையும் மோட்டார் சைக்கிளில் அதைக் கடந்துதான் போய் வருகிறேன். கண்ணாடி வில்லையைக் கீறாமல் துடைக்கப் பழகிய கைதான் கர்நாடக இசைத்தட்டுகளிலும் வந்து படிந்தது. நாதஸ்வரம், வீணை, வயலின், புல்லாங்குழல். பாட்டுக்காரர்களின் தட்டுகளும் கொஞ்சம் உண்டு, ஆனால் வாத்தியம்தான் என் பைத்தியம். முப்பது வருடமாகச் சேர்க்கிறேன். வீட்டின் பின்னறையில் ஓர் அலுமாரி முழுக்க நிற்கின்றன. நிற்கின்றன என்றுதான் சொல்ல வேண்டும். இசைத்தட்டைப் படுக்கப் போட்டு அடுக்குகிறவனை நான் மனிதனாகவே மதிப்பதில்லை.

கடற்கரை ஊரில் இவற்றை வைத்திருப்பது லேசான காரியம் அல்ல. உப்புக் காற்று, பூசணம், கரையான் மூன்றும் பங்காளிகள் மாதிரி வந்து உட்கார்ந்துவிடும். ஆகவே கழுவ வேண்டும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் ஆகாது, உப்பு காய்ந்து, ஊசி ஓடுகிற வரிக்குள் தங்கிவிடும். வாகன பெட்டரிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணீர்தான் வேண்டும். அதில் குழந்தைகளின் ஷாம்பூ இரண்டு சொட்டு. நடுவில் இருக்கிற தாள் லேபல் நனையக் கூடாது என்பதற்காக, ஐஸ்கிறீம் டப்பா மூடிகள் இரண்டை வட்டமாக வெட்டி, ஓரத்தில் ரப்பர் வளையம் ஒட்டி வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் அவற்றை வைத்து இறுக்கிய பிறகுதான் தண்ணீர் படும். மெல்லிய தூரிகையால் வரியின் போக்கிலேயே சுற்றி எடுத்து, துவைத்துத் துவைத்து நைந்த சாரன் துணியால் ஒற்ற வேண்டும். துடைக்கக் கூடாது, ஒற்ற வேண்டும். லேபல் நனையவே கூடாது. வாசிக்கிறவர்கள் இந்தக் கடைசி வசனத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பாண்டிருப்பு அக்கா கடைக்கு வந்தது கண்ணாடிக்காகத்தான். தபால்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புருஷன் இறந்து கொஞ்சக் காலம் ஆகியிருந்தது. எழுத்து அட்டையைக் கையில் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். கடையில் என் போனிலிருந்து ஒரு வீணை வாசிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"இது எங்கட வீட்ட இருக்கு தம்பி" என்றார். "ரெக்கோட்டா இருக்கு."

என் கையிலிருந்த வில்லை மேசையில் விழுந்தது. நல்ல வேளை, உடையவில்லை.

அவருடைய புருஷன் லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விட்டவராம். கோயில் திருவிழா, கலியாணவீடு, பூப்புனித நீராட்டு என்று எல்லாவற்றுக்கும் செற் பூட்டப் போவார். மற்றவர்கள் கசெற்றுக்கும் சீடிக்கும் போன பிறகும் விடியற்காலை நாதஸ்வரத்துக்கு மட்டும் அவர் இசைத்தட்டுத்தான் போடுவாராம். அக்கா சொல்லச் சொல்ல எனக்கு மயிர் கூச்செறிந்தது. அந்த நாதஸ்வரத்தை நான் கேட்டிருக்கிறேன். மருதமுனையின் தெற்கு ஓரத்தில் எங்கள் வளவு. பாண்டிருப்பில் கோயில் நாளென்றால் சத்தம் நேரே எங்கள் முற்றத்தில் வந்து இறங்கும். சுபஹ் தொழுதுவிட்டு வருகிற வாப்பா, "தொடங்கிட்டாங்க" என்று அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொண்டே பிளேன்ரீக் கோப்பையோடு வாசலில் நின்று முழுவதையும் கேட்பார். என் பைத்தியம் அங்கேதான் பிடித்தது. பிடிக்க வைத்த மனிதர் இரண்டு மைல் தூரத்தில் இருந்திருக்கிறார். ஒருநாளும் தேடிப் போகவில்லை.

கண்ணாடி ஆயத்தமானதும் நானே வீடு கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறு எந்த வாடிக்கையாளருக்கும் அந்த மரியாதையைச் செய்ததில்லை. எனக்கு எதன்மேல் கண் என்று அக்காவுக்கும் தெரிந்திருக்கும். கேட்காமலே தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார்.

இருபத்து மூன்று தட்டுகள். படுக்கப் போட்டு அடுக்கியிருந்தார்கள். வயிறு எரிந்தது. ஆனால் ஒன்றை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது அது மறந்துபோனது. லவுட்ஸ்பீக்கர்காரரின் தட்டு என்றால் ஊசி உழுது நாசமாகிக் கிடக்கும் என்று நினைத்துப் போனேன். அப்படி இல்லை. மனிதர் ஊசியை நேரத்துக்கு நேரம் மாற்றியிருக்கிறார். வரியெல்லாம் கறுகறுவென்று மின்னியது. சுனாமியில் கடல் வந்த நாளில் இந்தப் பெட்டி வயல் பக்கத்துக் கோயிலொன்றில் இருந்ததாம். லீவு நாள் என்பதால் அக்காவும் மகளும் அவரோடு கூடப் போயிருந்தார்கள். வீட்டில் ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. மூன்று பேரும் இந்தப் பெட்டியும்தான் மிச்சம்.

ஒவ்வொரு தட்டிலும் லேபலின் மேல் காய்ந்த சந்தனமும் அதன் நடுவே குங்குமமும் இருந்தன. அக்கா அதைக் காட்டிச் சொன்னார்.

"ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் தொழில் சாமான் எல்லாத்துக்கும் பொட்டு வெப்பார். அம்பிளிபயருக்கு, மைக்குக்கு, வயருக்குக்கூட. ரெக்கோட்டுக்கு மட்டும் மோதிர விரலால வெப்பார். இது கடைசி வருசம் வெச்சது தம்பி. அதுக்குப் பிறகு ஆரும் கை வெக்கல்ல."

"ஓம் அக்கா, ஓம் அக்கா" என்றேன். நான் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது என் காதில் விழுந்தது, இன்றைக்கும் ஒரு சொல் பிசகாமல் எழுத முடிகிறதே. விழுந்ததை உள்ளே எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

விலைக்குத் தருவீர்களா என்று அன்றைக்கே கேட்டேன். "விக்கிற சாமான் இல்ல தம்பி" என்றார். இரண்டு மாதம் கழித்து, கண்ணாடிக் கம்பியை இறுக்கித் தருகிற சாட்டில் போய் மறுபடியும் கேட்டேன். அதே பதில், அதே சிரிப்பு. ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். மூன்றாம் தரம் கேட்கவும் இருந்தேன்.

அதற்குள் திருகோணமலையில் இருக்கிற மகளுக்குக் குழந்தை பிறந்தது. அக்கா அங்கே போய்விட முடிவெடுத்தார். எவ்வளவு காலம் என்று அவருக்கே தெரியாது. ஒருநாள் பின்னேரம் ஓட்டோ ஒன்று எங்கள் வீட்டு வாசலில் நின்றது. அக்கா இறங்கினார். ரைவர் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வீடு பூட்டிக் கிடந்தாக் கரையான் திண்டிரும்" என்றார் அக்கா. "உங்களுக்கு இதுகளப் பாக்கத் தெரியும். வெச்சிருங்க தம்பி."

வெச்சிருங்க. நம்முடைய பாஷையில் இந்த ஒரு சொல்லுக்கு எத்தனை வேலை! மாம்பழப் பையை நீட்டி "வெச்சிருங்க" என்றால் அது உங்களுக்கு, கொண்டுபோய்ச் சாப்பிடலாம். பஸ் நிலையத்தில் குடையைக் கையில் தந்து "வெச்சிருங்க" என்றால் அது அவருடையது, திரும்பி வரும்வரை நீங்கள் வெறும் ஆணி. எது எதுவென்று குழம்புவதற்கு ஒன்றும் இல்லை, சொல்கிறவர் முகத்தைப் பார்த்தால் போதும். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தேன்.

ஓட்டோ திரும்பியதும் மனைவி கேட்டாள். "தந்திட்டுப் போறாவா, வெச்சிட்டுப் போறாவா?"

"தந்திட்டா."

"தந்திட்டன் எண்டு செல்லினாவா?"

"வெச்சிருங்க எண்டு செல்லினா. அப்பிடியெண்டா அதானே."

"நல்லாக் கேட்டுப் பாத்தீங்களா? அமானிதமெண்டாக் கவனமா இரிக்கணும்."

அமானிதம் என்றால் ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள். அதை ஒரு நூல்கூடக் குறையாமல் தந்தபடியே திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது தெரியும். எனக்குக் கோபம் வந்தது. தெரிந்ததை ஒருவர் ஞாபகப்படுத்தினால் வருகிற கோபம் அது. "எனக்குப் படிப்பிக்க வேணாம்" என்று சத்தம் போட்டேன். அவள் குசினிக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கே என் கொப்பியில் இருபத்து மூன்றையும் ஏற்றினேன். என் அலுமாரி, என் வரிசை எண்கள். படம் எடுத்து எங்கள் இசைத்தட்டுக்காரர்களின் வட்சப் குழுவில் போடலாம் என்று பார்த்தபோதுதான் லேபல்கள் கண்ணை உறுத்தின. சந்தனம் வெடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஆனாலும் அன்றைக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. இதைச் சொல்ல வேண்டும். ஒரு கிழமைவரை அந்தப் பொட்டுகளை நான் தொடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை என் மச்சான், மனைவியின் தம்பி, சாப்பாட்டுக்கு வந்தார். பின்னறைக்குள் எட்டிப் பார்த்தார். மேலே இருந்த தட்டைக் கண்டு சிரித்தார்.

"என்ன மச்சான், உங்கட ரெக்கோட்டுக்கெல்லாம் பொட்டு வெச்சிரிக்கி? எப்பயிருந்து இது?"

பகிடிதான். அவர் நல்ல மனிதர், பாட்டுக் கேட்கிறேன் என்று ஒருநாளும் என்னைப் பார்த்து முகம் சுளித்ததில்லை. நானும் சிரித்தேன். "இன்னும் கழுவல்ல" என்றேன்.

இன்னும் கழுவவில்லை. அந்தப் பதில் எவ்வளவு சுளுவாக என் வாயில் வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. இது எங்கள் பாண்டிருப்பு அக்காவின் பொருள், அவ புருஷன் வைத்த பொட்டு என்று சொல்லியிருக்கலாம். மச்சான் தலையை ஆட்டிக்கொண்டு சோற்றுக்குப் போயிருப்பார். நான் அதை ஊத்தை ஆக்கினேன்.

மறுநாளே கழுவத் தொடங்கினேன். இங்கேதான் அந்த வசனம். லேபல் நனையக் கூடாது. மற்ற எல்லாத் தட்டுக்கும் மூடி வைத்து லேபலைக் காப்பாற்றுகிறவன், இந்த இருபத்து மூன்றுக்கும் மூடியை எடுத்துவிட்டு, காது துடைக்கிற பஞ்சுக்குச்சியை ஈரமாக்கி லேபலிலேயே கை வைத்தேன். தாள் ஊறக் கூடாது, எழுத்து அழியக் கூடாது, சந்தனம் மட்டும் கிளம்பி வர வேண்டும். ஒரு தட்டுக்கு அரை மணித்தியாலம் போனது. ஐந்து நாள், கடையை முன்னதாகவே பூட்டிவிட்டு வந்து செய்தேன். ஒரு லேபல்கூடச் சுருங்கவில்லை. குங்குமம் நாலைந்தில் மட்டும் இளஞ்சிவப்பாக ஒரு சாயல் விட்டது. மற்றவற்றில் பொட்டு இருந்ததற்கு அடையாளமே இல்லை.

அது சேகரிப்பாளனின் சுத்தமா, அல்லது பொட்டு என்ற பொருள் என் வீட்டில் இருப்பது உள்ளுக்குள் எங்கேயோ குத்தியதா என்று என்னை நானே பல தரம் கேட்டுவிட்டேன். இரண்டும் இருந்தது என்பதுதான் நேர்மையான பதில். மார்க்கத்தின் மேல் பழியைப் போட மாட்டேன். மார்க்கம் எனக்குச் சொன்னது ஒப்படைத்ததைப் பேணு என்று. மச்சானின் சிரிப்புக்குப் பயந்தது நான்தான்.

படங்களை வட்சப்பில் போட்டேன். "புதுசு மாதிரி இருக்கு", "கை வேலை என்றால் இது" என்று யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் புகழ்ந்தார்கள். எங்கிருந்து கிடைத்தது என்று ஒருவர் கேட்டார். ஒரு வயதான அம்மா தந்தது என்று எழுதினேன். தந்தது என்று எழுதினேன்.

இரண்டு வருடம் நன்றாகக் கேட்டேன். அதை மறைக்கவில்லை. அந்த வீணையைப் போல ஒரு வீணை என் அலுமாரியில் வேறு இல்லை. விடிய நாதஸ்வரம் போட்டுவிட்டு, வாப்பா நின்ற அதே வாசலில் பிளேன்ரீயோடு நான் நிற்பேன். நெஞ்சு நிறையும். பாவத்தில் நெஞ்சு நிறையாது என்று யார் சொன்னது?

போன வருடம் புரட்டாதியில் அக்காவின் போன் வந்தது. குழந்தை வளர்ந்துவிட்டதாம், பாண்டிருப்பு வீட்டைத் திருத்திக்கொண்டு திரும்பி வருகிறாராம். எல்லாம் சந்தோஷமாகத்தான் கதைத்தார்.

"சரஸ்வதி பூசைக்கு முன்னம் வந்து பெட்டிய எடுப்பன் தம்பி. பூசைத்தட்டுல அதுல ஒண்டையாவது வெச்சாக் காணும் எனக்கு. பொட்டெல்லாம் அப்பிடியே இருக்குதானே?"

"ஓம் அக்கா" என்றேன்.

ஓம் என்கிற சொல் என் வாயில் இவ்வளவு மலிந்துபோனது எப்போதென்று தெரியவில்லை. போனை வைத்ததும் கடைக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். கண் சோதிக்க வந்த ஒரு ஆள் முன்னால் நின்றார். நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டேன். பெட்டி என்னுடையது இல்லை என்பது எனக்கு அப்போது புதிதாகத் தெரிந்த செய்தி அல்ல. இரண்டு வருடமும் தெரிந்துதான் இருந்தது. புதிதாகத் தெரிந்தது வேறு. அவருக்கு அந்தப் பெட்டியில் வேண்டியது சங்கீதமே இல்லை. அவருக்கு வேண்டியதைத்தான் நான் பஞ்சுக்குச்சியால் எடுத்தேன்.

அந்த நேரமே போன் எடுத்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். மூன்று நாள் போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன். நாலாம் நாள் சந்தைக்குள் ஒரு பூசைச் சாமான் கடைக்குப் போனேன்.

கடைக்காரருக்கு என்னை நன்றாகத் தெரியும், அவர் போட்டிருக்கிற கண்ணாடி என்னிடம் செய்தது. "என்ன காக்கா, வழி மாறி வந்திட்டீங்க?" என்றார். எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன். ஒரு கூட்டாளி வாங்கி வரச் சொன்னதாகச் சொல்லி, சந்தனத்தூள் ஒரு பக்கற்றும் குங்குமம் ஒரு பக்கற்றும் வாங்கினேன். "நல்ல குங்குமமா, கலப்படமா?" என்று வேறு கேட்டேன். கள்ளத்துக்கும் தரம் பார்க்கிற புத்தி எனக்கு.

வெள்ளிக்கிழமை கடை பூட்டு. மனைவி தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த காலை நேரத்தில் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். சந்தனத்தைக் குழைத்தேன். முதல் பொட்டு வழிந்து வரிக்குள் இறங்கப் பார்த்தது. இரண்டாவது முட்டை மாதிரி நீண்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். ஐந்தாறுக்குப் பிறகு கை பழகியது. மோதிர விரலால் என்று அக்கா சொன்னது ஞாபகம் வந்தது, மோதிர விரலாலேயே வைத்தேன். ஆனால் எந்தப் பக்கத்தில் இருந்தது? இரண்டு வருடத்துக்குப் பிறகு ஞாபகம் இல்லை. சாயல் விட்ட நாலைந்தைத் தவிர மற்றதில் ஒன்றும் தெரியவில்லை. அந்த நாலைந்திலும் முதற்பக்கத்தில்தான் சாயல் இருந்தது. ஒருவேளை மறுபக்கத்தில் முழுவதும் போய்விட்டதோ என்று சந்தேகம். என் கைத்திறனே எனக்கு எதிரி ஆகிவிட்டது. குறைந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் இரண்டு பக்கமும் வைத்தேன். இருபத்து மூன்று தட்டுக்கு நாற்பத்தாறு பொட்டுகள்.

கைகழுவி, தொழுகைக்காக முகம் கை கால் கழுவுகிற ஒளுவும் எடுத்து, ஜும்ஆவுக்குப் போனேன். பிரசங்கத்துக்கு முந்திய தொழுகையில் கை கட்டியபோதுதான் கண்டேன், மோதிர விரல் நகத்துக்குள் சிவப்பு. இமாம் அன்றைக்கு எதைப் பற்றிப் பேசினார் என்று எனக்குத் தெரியாது. விரலை மடக்குவதிலேயே இருந்தேன்.

பகல் சோறு போடும்போது மனைவி கேட்டாள். "விரல்ல என்ன செவப்பு?"

எனக்குத் திருடனைத் தேள் கொட்டின மாதிரி. "கேற்றுக்கு அடிச்ச பெயின்ற்" என்றேன்.

"நம்மட கேற் பச்சையெலுவா?" என்றாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பின்னறைக்குப் போய்ப் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன். அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

பூசைக்கு இரண்டு நாள் முன்னதாக, ஒரு பின்னேரம் அக்கா வந்தார். ஓட்டோவை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். கையில் மனைவிக்கு ஒரு பை பனங்கட்டி. மனைவி பிளேன்ரீ கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் கதவோரத்தில் நின்றாள்.

பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தேன். அக்கா பாயில் உட்கார்ந்து, முதல் தட்டை உறையிலிருந்து எடுத்தார். விளிம்பில் பெருவிரல், லேபலில் நடு விரல்கள். வரியில் ஒரு நகம் படவில்லை. முப்பது வருடமாக நான் ஊரெல்லாம் கத்திக் கத்திச் சொல்லிக் கொடுக்கிற பிடி. அவர் அதைப் புருஷனோடு சேர்ந்து எப்போதோ பழகியிருக்கிறார்.

பொட்டைக் கண்டதும் முகம் விரிந்தது. விரலால் தொடாமல், கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். நான் அளந்து செய்து கொடுத்த கண்ணாடி. கிட்டப் பார்வைக்கு எவ்வளவு தெளிவு என்று என்னைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை.

பிறகு தட்டைத் திருப்பினார்.

அடுத்ததை எடுத்தார், பார்த்தார், திருப்பினார். மூன்றாவதை எடுத்தார், திருப்பினார். நாலாவதை எடுக்கவில்லை. மூன்றையும் ஒவ்வொன்றாக உறைக்குள் போட்டார்.

"அவர் ஒரு பக்கம்தான் வெப்பார் தம்பி" என்றார். சத்தமே இல்லாத குரல். "மற்றப் பக்கத்துலயும் வெச்சா, சுத்துற தட்டுல ஒட்டிக்கும், தூளாகி ஊசிக்குப் போகும் எண்டு."

எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். இசைத்தட்டு வைத்திருக்கிற எவனுக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அந்த மனிதருக்குச் சாமி பக்தியும் இருந்தது, ஊசி மேலே கவனமும் இருந்தது. எனக்கு இரண்டில் ஒன்றுகூட அன்றைக்கு இருக்கவில்லை.

"கழுவினீங்களா?"

"ஓம் அக்கா." அந்த ஓம் மட்டும் உண்மை. அதற்குப் பிறகு எல்லாம் கொட்டியது. தந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன், இல்லை, அப்படி நினைக்க ஆசைப்பட்டேன், மச்சான் சிரித்தார், வெட்கப்பட்டேன், போனில் பொய் சொன்னேன், சந்தையில் குங்குமம் வாங்கினேன். "மாப்புத் தாங்க அக்கா" என்றேன். என் குரல் உடைந்தது. ஐம்பத்தைந்து வயது ஆம்பிளை, மனைவிக்கு முன்னால்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தபடி ஒன்று கேட்டார்.

"எடுத்த பஞ்ச என்ன செஞ்சீங்க?"

வாழையடியில் போட்டேன் என்று சொல்லலாம். கால் படாத இடத்தில் கொட்டினேன் என்று சொல்லலாம். அவருக்கு அது ஒரு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் அந்தப் பெட்டிக்கு முன்னால் இன்னும் ஒரு பொய் சொல்ல எனக்குத் திராணி இல்லை.

"ரோட்டோரக் கானுக்குள்ள, அக்கா" என்றேன். "ஊத்தைத் தண்ணியோட."

கதவோரத்தில் மனைவி "யா அல்லாஹ்" என்றாள்.

அக்கா தலையை ஆட்டினார். தெரிந்த செய்தியைக் கேட்டவர்போல ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பெட்டியை அவரே மூடினார். கொளுக்கியையும் அவரே பூட்டினார். எடுத்துப்போய் ஓட்டோவில் ஏற்றுவதற்காக நான் குனிந்து இரண்டு பக்கமும் பிடித்தேன். அவர் ஒரு கையைப் பெட்டியின் மேல் வைத்து அழுத்தினார். தூக்க வேண்டாம் என்று அர்த்தம்.

"பூசையில எத வெக்கிற தம்பி" என்றார். "இது நீங்க வெச்சதுதானே. நீங்களே வெச்சிருங்க."

இந்தத் தரம் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பிளேன்ரீயைக் குடித்து முடித்தார். மனைவியிடம் மட்டும் "வாறன் புள்ள" என்று சொல்லி, படி இறங்கி, வெறுங்கையோடு ஓட்டோவில் ஏறிப் போனார்.

பெட்டி பின்னறையில் இருக்கிறது. இருபத்து மூன்றும் இப்போது என்னுடையவை.